கங்காணிக்குத் தூக்கிய கை

1934 ஆகஸ்டு, ஞாயிற்றுக்கிழமை.

என் புருஷனைப் புதைத்து இன்றோடு ஐந்து வாரம். ஆராதனை முடிந்ததும் மலாக்காவிலிருந்து வந்த போதகர், "இந்தத் தோட்டத்துச் சபைக்கு யாரு மூப்பரா இருக்கணும்? கங்காணியா, அருளப்பனா? கை தூக்குங்க" என்றார். முன் நாற்காலியில் இருந்த கங்காணி திரும்பி எங்களைப் பார்த்தார். இடுப்பில் பிள்ளையோடு நானும் அவருக்கே தூக்கினேன்.

காய்ச்சல் வீடு என்று கங்காணி ஜெபிக்கக்கூட உள்ளே வரவில்லை. என் புருஷனைக் குளிப்பாட்டியதும் குழி தோண்டியதும் எங்களோடு ரப்பர் பால்மரம் வெட்டுகிற அருளப்பன். நானும் அதே காய்ச்சலில் எழும்பாமல் கிடந்த ஒன்பது நாளும் தன் மர நிரையை முடித்துவிட்டு என் நிரையையும் அவரே வெட்டினார். அதனால்தான் என் பேர் இன்னும் தோட்டத்து வேலைப் பட்டியலில் இருக்கிறது.

வெளியே வந்து அருளப்பன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவரே கிட்டே வந்தார்.

"அழாதீங்கக்கா. கை தூக்கலன்னா லயத்து வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவாருலா. அந்த நாற்காலியில ஒக்காந்தா எனக்கு முதுகு வலிதான் வரும்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாளைக் காலையில் போதகர் பஸ் ஏறுகிறார். போய், பயந்துதான் கை தூக்கினேன், என் மனசில் மூப்பர் அருளப்பன்தான் என்று உள்ளதைச் சொல்லப்போகிறேன். வழியனுப்பக் கங்காணி பக்கத்தில் நிற்பார். நிற்கட்டும். வீடு போனால் பிள்ளையோடு எங்கே போவேன் என்றுதான் இன்னும் தெரியவில்லை.