விடுதியில் விட்ட பிள்ளை

ஹுஸ்னாவோட அத்தாவுக்கு,

"மன்னிச்சிரு, ஊருக்கு வந்துருதேன்"னு போன்ல அழுதீங்க. நான் போனை வச்சுட்டேன். அதான் எழுதுதேன்.

சவூதியில வேலை போனதைச் சொல்ல வெட்கப்பட்டு, ரெண்டு வருசம் நீங்க பேசாமலே இருந்தீங்க. இங்கன சோத்துக்கு வழியில்ல. ரெண்டு நாள்ல வருதேன்னு பொய் சொல்லி, நம்ம மக ஹுஸ்னாவைத் தென்காசியில ஒரு பிள்ளைங்க விடுதியில விட்டேன். குற்றாலத்துல லாட்ஜ்ல பாத்திரம் கழுவி, ஏழு மாசம் கழிச்சுத்தான் கூட்டிட்டு வந்தேன்.

ஒரு மாசம் அவ என் பக்கத்துல படுக்கல. நானும் தொழுகையை விட்டுட்டேன். எந்த முகத்தோட அல்லாகிட்ட நிக்க?

போன வெள்ளிக்கிழமை அவளே பாயை விரிச்சா. "வாங்கம்மா, சேர்ந்து தொழுவோம். நீங்க திரும்பி வரணும்னு அங்கன தினமும் அல்லாகிட்ட துஆ கேட்டேன்"னு சொன்னா. எட்டு வயசுப் பிள்ளை. என்னால நிமிர்ந்து பார்க்க முடியல.

வாங்க. அவ உங்களையும் மன்னிச்சிருவா. நான் கதவைத் திறப்பேன், சோறு போடுவேன். என்கிட்ட மட்டும் மன்னிப்பு கேட்காதீங்க. கேட்டா மன்னிக்க மாட்டேன்னு சொல்லிருவேன். அது அவ காதுல விழ வேண்டாம்.

இப்படிக்கு,
அவளோட அம்மா