வடித்த தண்ணீர்

என் கருப்பட்டி அண்ணனுக்கு,

இனி உனக்குச் சர்க்கரை ஏறாது. அதனால் தைரியமாக இப்படிக் கூப்பிடுகிறேன்.

நேற்று மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். வெளியே காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. கனவிலோ நல்ல மழை. நீ நனைந்து வந்தாய். உன் காலில் அப்பியிருந்த கரிசல் மண் வீடு முழுக்கத் தடம் போட்டது. "ஏட்டி செம்பகம், ரசம் இருக்கா?" என்றாய். எழுந்து போனேன், அடுப்படி தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. சட்டியைத் திறந்தால் உள்ளே மேகம் மிதக்கிறது. முழிப்புத் தட்டியதும் தரையைத் தடவிப் பார்த்தேன். காய்ந்துதான் கிடந்தது.

ரசத்தைக் கேட்டுவிட்டாய். இனியும் சொல்லாமல் இருக்கலாமா?

மதினி போன பிறகு, சர்க்கரையோடு கிட்னியும் கெட்டு நீ என் வீட்டுக்கு வந்தாய் அல்லவா? ஆஸ்பத்திரியில் அந்த டயட்டீஷியன் அம்மா என்ன சொன்னார்கள்? "காயைப் பொடியா நறுக்கி, நிறைய தண்ணியில வேகவச்சு, தண்ணியை வடிச்சிருங்கம்மா. அதுல பொட்டாசியம் இறங்கிரும். அது ரத்தத்துல கூடினா இவருக்கு ஆபத்து." எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பஸ்ஸில் நீதான் விளக்கினாய். "மொளகாச் செடிக்குப் போடுவோம்லா பொட்டாசு, அது மாதிரிதான். எனக்கு உரம் போடாதன்னு சொல்லுதாவ."

சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தோம்.

வடித்தேன் அண்ணே. ஆனால் சுரைக்காய் வெந்த தண்ணீர் அவ்வளவு மணமாக இருந்தது. குழாயில் தண்ணீர் வரும் நாளுக்குக் காத்துக் கிடக்கிற ஊர்க்காரி நான். தண்ணீரையும் கொட்டி, காயின் சத்தையும் கொட்ட மனசு வருமா? மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு, அந்தத் தண்ணீரிலேயே உனக்கு ரசம் வைத்தேன். செண்பகவல்லித் தாயே, இவனுக்குத் தெம்பு கொடு என்று வேண்டிக்கொண்டேதான் வைத்தேன்.

நீ கையைக் குவித்து வாங்கி வாங்கிக் குடித்தாய். "உப்பு போடாட்டியும் எந்தங்கச்சி ரசம் ரசந்தான்" என்றாய்.

அடுத்த ரிப்போர்ட்டில் பொட்டாசியம் கூடியிருந்தது. "காய்த்தண்ணியை வடிக்கிறீங்களாம்மா?" என்று அந்த அம்மா கேட்டார்கள். "தவறாம வடிக்கேன்" என்றேன். பொய் இல்லை. வடித்ததை என்ன செய்தாய் என்று யாரும் கேட்கவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று எனக்கும் தெரியவில்லை. அந்த ஆவணியிலேயே நீ போய்விட்டாய்.

இப்போது எனக்கும் சர்க்கரை. கிட்னியையும் லேசாகத் தொட்டிருக்கிறதாம். உன் மகள் ஜோதிதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அதே யோசனையைத்தான் எனக்கும் சொன்னார்கள். "அந்தத் தண்ணியில ரசம் வைக்கலாமா?" என்று சும்மாதான் கேட்டேன். "வைக்கவே கூடாதும்மா. வடிக்கச் சொல்றதே அது உடம்புக்குள்ள போகக் கூடாதுன்னுதான்."

செருப்பை மறந்து வெறுங்காலோடு வெளியே வந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது ஜோதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஜன்னலைச் சாத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். பிறகு என் கையைப் பிடித்தாள். "அத்த, அதனாலதான்னு யாரு சொல்ல முடியும்? அப்பாவுக்கு நெஞ்சுலயும் கோளாறு இருந்துச்சுல்லா. நீங்க இனி ஒழுங்கா சாப்பிடுங்க. எனக்கு நீங்களாவது வேணும்."

அவள் பொறுத்துக்கொண்டாள். நீ?

அவளுக்காக ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். சோறு அளவோடு. வடித்த காயில் வெங்காயம் தாளித்து, மிளகுப்பொடி தூவினால் இறங்கிவிடுகிறது. உப்பு பாதிக்குப் பாதி. குளத்தூர் உப்பளத்துக்குப் பக்கத்தில் பிறந்தவளுக்கு வந்த வாழ்வைப் பார். கோயில் பொங்கலைக் கண்ணில் ஒற்றிப் பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுத்துவிடுகிறேன். அம்மன் கோபிக்கவில்லை.

வடித்த தண்ணீரை ஆறவைத்து, கொல்லையில் நிற்கிற செவ்வரளிக்கு ஊற்றுகிறேன். உன் பொட்டாசு வேலை செய்கிறது போல; இந்த வெயிலிலும் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. முதல் பூ அம்மனுக்கு. அடுத்தது உன் படத்துக்கு.

மறுபடியும் கனவில் வா அண்ணே, அதே சேற்றுக்காலோடு. நல்ல தண்ணீரில் ரசம் வைத்துத் தருகிறேன். வடித்த தண்ணீர் இனி உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அது செடிக்குத்தான். அம்மன் மேல் சத்தியம்.

உன் குவிந்த கையில் ரசம் ஊற்றிய தங்கச்சி,
செண்பகம்