இருபத்தாறு மணித்தியாலம்

செயின்ட்-மிஷேல், மொன்றியல்
27.11.1986

அன்புள்ள சிவமலர் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. இது உங்கள் கையில் வரும்போது அப்பாவின் முப்பத்தோராம் நாளும் முடிந்திருக்கும். அம்மா இரவில் மருந்து எடுக்கிறாவா?

ஒரே மகன் வராததால் சித்தப்பாவின் மகன் கொள்ளி வைத்தான் என்று எழுதியிருந்தீர்கள். சீனித்தம்பி மாமா சுடலையில் எல்லாருக்கும் கேட்க, நாலு நாள் பறக்கிறதுக்குக் கனடா என்ன சந்திரனிலயோ கிடக்குது, என்ர மருமோன் லண்டனிலயிருந்து ஒரு நாளில வந்து இறங்கினவன் என்று சொன்னாராம். விமலநாதன் என்ற பெயரை இனி வீட்டில் எடுக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாவாம்.

மாமா சொன்னது சரி. நாலு நாள் என்பது பொய்.

உங்கள் தந்தி திங்கள் காலை வந்தது. அப்பா காலமானார், உடலுக்கு மருந்தேற்றி வைத்திருக்கிறோம், விமலன் வரும் நேரம் அறிவி என்று இருந்தது. அண்ணா வேலைக்குப் புறப்பட்ட கோட்டுடனேயே கட்டிலில் இருந்துவிட்டார். பிளேன் எத்தனை மணித்தியாலம் எண்டு கேட்டுச் சொல்லு பிள்ளை என்றார். போன் எடுத்துக் கேட்டேன். இங்கே மிரபெல் விமான நிலையத்திலிருந்து லண்டன் ஆறரை மணித்தியாலம். அங்கே காத்திருந்து, வேறு விமானத்தில் கொழும்புக் கட்டுநாயக்கா. பதினாலாயிரம் கிலோமீற்றர், எல்லாமாக இருபத்தாறு மணித்தியாலம். அன்று பின்னேரம் ஏறினால், நேர வித்தியாசத்தையும் சேர்த்து, புதன் விடிய இறங்கலாம். பின்னேரத்துக்குள் திருகோணமலை வீடு. தாளில் எழுதிக் காட்டினேன்.

அவர் அதைக் கவிழ்த்து வைத்தார். புதன் எண்டா அம்மா அப்பாவை எடுக்க விடாமல் வைச்சிருப்பா, நாலு நாள் எண்டு அடிச்சு விடு என்றார்.

அக்கா, விசா கிடைத்துவிட்டது என்று அண்ணா அப்பாவுக்கு எழுதியதும் பொய்தான். வந்து இறங்கிய அன்றே மிரபெல்லில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துவிட்டார்கள். அகதி விசாரணை தை மாதம். அதற்கு முன் நாட்டை விட்டுப் போனால் கோப்பை மூடிவிடுவார்கள். கட்டுநாயக்காவில் இறங்கினால் ஆமிக்காரர் வீடு வரை விடுவார்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும். வர ஏலாது என்று சொல்ல வெட்கப்பட்டு, தூரத்தின் மேல் பழியைப் போட்டார். மூன்று வாரமாக அவர் என்னோடும் கதைப்பதில்லை. இதை அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

இன்னொன்று. நான் படிக்க வந்தவள். என் பாஸ்போர்ட் மேசை லாச்சியில் இருந்தது, போய்த் திரும்பி வரும் விசாவோடு. அது அண்ணாவுக்கு நினைவு வரவில்லை. உங்கள் தந்தியிலும் என் பெயர் இல்லை. கொள்ளி வைக்காத பிள்ளை வந்து என்ன செய்யிறது என்று நினைத்திருப்பீர்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று அப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது என்னைத்தான். ஆனாலும் நான் போறன் என்று இரண்டு சொல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தபால் கந்தோருக்குப் போய், நாலு நாள் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். இனி நான் ஒரு நாளில் வந்து இறங்கினால் அண்ணாவின் பொய் தெரிந்துவிடும்; அத்தோடு என் வழியும் அடைபட்டது.

இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அண்ணாவைக் கோபிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கோபம் தீரவில்லையென்றால் என் மேல் வைக்கட்டும்.

அம்மா இன்னும் கனகாலம் சுகமாக இருக்க வேண்டும். ஆனால் இனி எதற்காகத் தந்தி அடித்தாலும், மனோகரி வர எத்தனை மணித்தியாலம் என்று ஒருமுறை கேளுங்கள் அக்கா.

உங்கள் தங்கை,
மனோகரி