யாளிக் கதையின் முடிவை முன்சொன்ன தூதர் பொருட்டு விடுத்த ஓலை

திருவும் மழையும் சேர்ந்து வளர்க.

நெடுங்கரை நாடு முழுவதையும் ஒரு குடைக்கீழ் ஆள்பவரும், இரட்டை வேழக் கொடி உயர்த்தியவரும், கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம் உடையவரும், பகைவர் உறக்கத்தைக் கெடுப்பவருமான அடலேறு வேந்தர் திருமுன்பு, மஞ்சாடி நாட்டுக் கோமான் செழுங்கோவேளின் ஆணைப்படி ஓலைநாயகம் மருதநம்பி தலைவணங்கி எழுதுவது. தங்கள் முரசு ஓயாது ஒலிக்க. தங்கள் அளங்களில் உப்பு குறையாது விளைக. தங்கள் பட்டத்து யானைக்கு வந்த பல்வலி தீர்ந்து, அது மீண்டும் கரும்பு தின்னத் தொடங்கியது என்று கேட்டு எம் நாடு மகிழ்ந்தது.

இவ்வோலையோடு ஒரு சிறு பட்டுப்பை வருகிறது. அதில் இருப்பது பொரி. ஓலையோ நீண்டது, படிப்பவர்க்கும் கேட்பவர்க்கும் வாய் உலரும். ஆகவே தாங்கள் முதலில் ஒரு பிடி எடுத்து உண்டருளி, அதன்பின் மேலே கேட்கவேண்டும் என்பது எம் கோமானின் அன்பான வேண்டுகோள்.

தங்கள் சினவோலை வந்து சேர்ந்தது. தங்கள் தூதர் நெடுமொழியாரை எம்மவர் வாசற்பலகையில் அமர்த்தி இழிவு செய்தனர் என்றும், அவர் ஆற்றங்கரையில் தனியே பேசித் திரிவதால் மாயம் செய்து அவர் மதியைக் கெடுத்தனர் என்றும், இதற்கெல்லாம் காரணமான ஏட்டுச்சாலைப் பிள்ளைகளின் கதையவையை வரும் அமாவாசைக்குள் கலைத்து அதன் தலைவியையும் பணியிலிருந்து நீக்காவிடில் உப்பு வண்டிகள் எம் எல்லைக்குள் வாரா என்றும் அதில் கண்டோம். பலகையில் அமர்ந்தது உண்மை. ஆற்றங்கரையில் பேசித் திரிந்ததும் உண்மை. மாயம் செய்தோம் என்பதை மட்டும் மறுக்க நினைத்தோம். யோசித்துப் பார்த்தால் அதையும் முழுதாக மறுப்பதற்கில்லை. எனவே நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவதே நலம்.

எம் தலைநகர்க் கல்விச்சாலையை ஒட்டி ஓர் ஏட்டுச்சாலை உண்டு. அதன் கண்காணி மரகதவல்லி என்னும் அம்மையார். அவர் பொறுப்பேற்றபோது அங்கிருந்த சுவடிகளைக் கரையான் படித்த அளவுக்குப் பிள்ளைகள் படித்ததில்லை. மழைக்கு ஒதுங்க வருவார்கள். மழை விட்டால் போய்விடுவார்கள். அவர்களில் பதினொன்று முதல் பதினான்கு வயது வரையுள்ள கூட்டத்தை எந்த ஆசிரியராலும் கட்டி மேய்க்க முடியவில்லை. தாலாட்டுக் கதை சொன்னால் தம்மைச் சிறுபிள்ளையாக்கிவிட்டதாகக் கோபித்தார்கள். அறநூலை விரித்தால் உட்கார்ந்தபடியே உறங்கினார்கள். மரகதவல்லியார் பார்த்தார். யாளியும் பூதமும் பறக்கும் மலையும் நிறைந்த பழைய மாயக் கதைக் கட்டு ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, யாரையும் அழைக்காமல், தமக்குத்தாமே உரக்கப் படிப்பவர்போல் ஒரு மழை நாளில் படித்தார். மழை விட்டது. ஒரு பிள்ளைகூட எழவில்லை.

அன்று தொடங்கியது கதையவை. அதை நடத்துவது போர் நடத்துவதைவிடக் கடினம் என்று எம் படைத்தலைவரே ஒப்புக்கொள்வார். அவர் மகள் நாச்சிதான் அவையின் முறை காப்பவள். பூதமாக நடித்த பிள்ளை தூணில் மோதிப் பல் இழந்தது. யாளிக்குட்டி என்று ஒருவன் உடும்பைக் கொண்டுவந்து விட்டான். பறக்கும் மலை நல்லதா கெட்டதா என்னும் வழக்கில் இரு தோழியர் ஒரு பருவம் முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை. வாரம் தவறாமல் எவரேனும் ஒருவர் எழுந்து, இந்த அவையே வேண்டாம், கலைத்துவிடுங்கள் என்று கத்துவது வழக்கமாயிற்று. மரகதவல்லியாருக்குத் தலைவலி மிஞ்சியது. ஆனாலும், பிள்ளைகள் சண்டையிடுவது ஒரு சுவடிக்காக என்பதை நினைத்து, வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தமக்குள் சிரித்துக்கொண்டே போனார்.

சண்டை பெருகவே முறைகள் வகுக்கப்பட்டன. நாச்சி சொல்லச் சொல்ல மரகதவல்லியார் எழுதினார். முன்னே போய் ஏட்டைப் புரட்டக்கூடாது. பிறர் ஊகத்தை எள்ளக்கூடாது. அவையைக் கலைக்கச் சொல்லும் உரிமை அவையைச் சேர்ந்த எவருக்கும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கதையின் முடிவை எவரும் முன்கூட்டிச் சொல்லக்கூடாது. சொன்னவர் வாசலருகே உள்ள பலகையில் அமர்ந்து, அவையில் ஒருவராலும் ஊகிக்க முடியாத வேறொரு முடிவைக் கட்டிச் சொல்லும்வரை உள்ளே வரக்கூடாது.

அவையில் சேர்வதற்கு அடையாளம் பொரி. முறுக்கு எண்ணெயும் அதிரசப் பாகும் ஏட்டில் பட்டால் எறும்பு வரும் என்பதால் மரகதவல்லியார் பொரியை மட்டுமே உள்ளே விட்டார். வாசலில் கூடை இருக்கும். அதிலிருந்து ஒரு பிடி எடுத்து உண்டவர் அவையைச் சேர்ந்தவர், அவைமுறைக்குக் கட்டுப்பட்டவர். ஓர் அவையின் உணவை உண்டவர் அந்த அவையின் சொல்லை மீறுவதில்லை என்னும் வழக்கு தங்கள் நாட்டுக்கும் எம் நாட்டுக்கும் பொதுவானது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். வணிகர் அவையும் ஊரவையும் இன்றும் அப்படித்தான் நடக்கின்றன. பிள்ளைகள் அதைப் பொரியில் செய்தார்கள், அவ்வளவே.

இனித் தங்கள் தூதருக்கு வருவோம்.

நெடுமொழியார் உப்பு வழி உடன்படிக்கைக்காக வந்திருந்தார். எம் கோமான் நீராடி வரச் சற்றுத் தாமதமாயிற்று. தாமதத்தைப் போக்க அவரை ஏட்டுச்சாலைக்கு அழைத்துச் சென்றது இவ்வோலை எழுதுபவன்தான். வாசலில் கூடையைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. ஒரு பிடி எடுத்தார். சுவை பிடித்துப்போய் இன்னொரு பிடியும் எடுத்தார். உள்ளே அவை ‘நிலவை விழுங்கிய யாளி’ என்னும் பெருங்கதையின் பன்னிரண்டாம் ஏட்டுக்கட்டில் இருந்தது. ஓடக்காரன் மகள் கடல்கள் எல்லாவற்றையும் கடந்து யாளியின் குகைவாயிலில் நிற்கிறாள். உள்ளிருந்து ஒரு குரல் அவளைப் பெயர் சொல்லி அழைக்கிறது. மரகதவல்லியார் அந்த இடத்தில் ஏட்டைக் கீழே வைத்து, குரல் யாருடையது என்று பிள்ளைகளைக் கேட்டார்.

அப்போது பின்வரிசையிலிருந்து தங்கள் தூதர், தாம் இளமையில் இக்கதையை முழுதும் பாடம் செய்தவர் என்று அறிவித்து, அந்தக் குரல் யாருடையது, யாளி உண்மையில் யார், நிலவு கடைசியில் எங்கே கிடைக்கும் ஆகிய அனைத்தையும் இடைவெளி விடாமல் சொல்லி முடித்தார். அவர் சொன்னது என்னவென்பதை இவ்வோலையில் எழுதவில்லை. எழுதினால் எமக்கும் பலகைதான்.

ஒரு சிறுமி விம்மத் தொடங்கினாள். பூதமாக நடித்தவன் வாயில் இட்ட பொரியை மெல்ல மறந்தான். நாச்சி எழுந்தாள். ஐயா வாசலில் பொரி உண்டீர்களா என்று மரியாதையோடு கேட்டாள். இரண்டு பிடி உண்டதாகவும், மிக நன்றாக இருந்ததாகவும் தூதர் பெருமையோடு விடை அளித்தார். அப்படியானால் பலகை அங்கே இருக்கிறது என்று நாச்சி காட்டினாள்.

தூதர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவர் மரகதவல்லியாரைப் பார்த்தார். எல்லாப் பிள்ளைகளும் அவரையே பார்த்தார்கள். எதிரே நிற்பவர் பேரரசர் ஒருவரின் வாய்மொழி. ஒரு சொல் தவறினால் தம் வேலை போகும், நாட்டுக்கு உப்பும் போகும். வந்த விருந்தினர், அறியாமல் சொன்னார், விட்டுவிடுவோம் என்று சொல்ல நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. ஆனால் சென்ற மாதம் ஒரு தோட்டக்காரர் மகன் இதைவிடச் சிறிய முடிவு ஒன்றை உளறியதற்காக அதே பலகையில் அழுதுகொண்டே அமர்ந்திருந்தான். அவன் இப்போது முதல்வரிசையில் இருந்தான். அவனும் பார்த்துக்கொண்டிருந்தான். மரகதவல்லியார் கைகூப்பி, பெருமகனார் மன்னிக்கவேண்டும், பலகையில் கரையான் அரித்த மூலையைத் தவிர்த்து அமரவேண்டும் என்று விண்ணப்பித்தார்.

தங்கள் தூதர் அமர்ந்தார். அது அவருடைய பெருந்தன்மை. எம் நாடு அதை மறவாது.

முதல் நாள் அவர் கட்டிய முடிவில் யாளி சாபம் பெற்ற அரசகுமாரன். அவர் பாதி சொல்வதற்குள் பிள்ளைகள் ஒரே குரலில் மீதியைச் சொல்லிவிட்டார்கள். அடுத்ததில் ஓடக்காரன் மகள் கண்விழித்துப் பார்த்தாள், எல்லாம் கனவு. இதற்கு எழுந்த கூச்சலில் கூரைப் புறாக்கள் பறந்தன; தண்டத்தை இரட்டிப்பாக்க வேண்டும் என்று நாச்சி வாதாடினாள். பிறகு ஒரு திருமணத்தில் முடித்துப் பார்த்தார். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அவர் வாழ்நாளில் அரசவைகள் எத்தனையோ கண்டவர். எங்கும் அவர் பேச்சுக்குக் கொட்டாவி விட்டால் கையால் வாயை மறைத்துக்கொண்டுதான் விடுவார்கள். இங்கே மறைக்கவில்லை. அது அவரை உலுக்கிவிட்டது.

அதன்பின் அவர் உடன்படிக்கையைப் பற்றி வாய் திறக்கவில்லை. சோறு ஆறியது. ஆற்றங்கரையில் நடந்தபடி யாளியாகவும் ஓடக்காரன் மகளாகவும் மாறிமாறிப் பேசினார். ஒருமுறை வண்ணார்துறையில் நின்று நிலவாகவும் பேசினார். அதைத்தான் தங்கள் ஒற்றர் கண்டு, மதி கெட்டது என்று எழுதியிருக்கிறார். ஒற்றர் கண்ணில் குறையில்லை. கதை கட்டுபவரை அவர் முன்பின் பார்த்ததில்லை.

தங்கள் ஓலை வந்ததும் எம் அரசவை கூடியது. உப்பில்லாமல் நாடு வாழாது, கதையில்லாமல் வாழும் என்று நிதியமைச்சர் எடுத்துரைத்தார். சான்றுப்பொருள்களாகப் பலகையும் பொரிக்கூடையும் அரியணைக்கு முன் வைக்கப்பட்டன. மரகதவல்லியார் அழைக்கப்பட்டார். அவர் தமக்காக ஒரு சொல்லும் கேட்கவில்லை. தூதரை அமர்த்தியது பிள்ளைகள் அல்லர், தாமே; தண்டம் தமக்கே உரியது; தம்மை நீக்கிவிட்டு வேறொருவரை அமர்த்தினாலும் சரி, கதையின் கடைசியான பதின்மூன்றாம் கட்டைப் படிக்காமல் கதையவையை மூடிவிடவேண்டாம்; பெரியவர்க்கு ஒரு முறை, தோட்டக்காரர் மகனுக்கு ஒரு முறை என்று கண்ட பிள்ளைகள் மறுபடியும் மழைக்கு ஒதுங்க மட்டுமே வருவார்கள் என்று சொன்னார். அதைக் குறித்துக்கொண்டிருந்த எமக்கு அப்போது எழுத்தாணி சரியாக ஓடவில்லை.

எம் கோமான் கை நீட்டி, சான்றுக்கூடையிலிருந்து ஒரு பிடி பொரி எடுத்து வாயில் இட்டார். நிதியமைச்சர் பதறி எழுந்தார். கோமான் நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, கதையவையைக் கலைக்க ஆணையிடவே தாம் நினைத்திருந்ததாகவும், இப்போது பொரி உண்டுவிட்டபடியால் அந்த உரிமை தமக்கில்லாமல் போயிற்றென்றும், இது மிகவும் வருந்தத்தக்கது என்றும் திருவாய் மலர்ந்தார். அவர் முகத்தில் வருத்தம் எதையும் எம்மால் காணமுடியவில்லை.

அன்று பிற்பகல், நல்ல மழையில், நெடுமொழியார் பலகையில் இருந்தபடியே புதிய முடிவு ஒன்றைச் சொன்னார். கையை வீசவில்லை, குரலை உயர்த்தவில்லை. ஒருவரும் அதை ஊகித்திருக்கவில்லை. தோட்டக்காரர் மகன் எழுந்துபோய் அவரை அழைத்துவந்து தன் பக்கத்தில் இடம் விட்டான். நாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏட்டுத் தூசி என்றாள். மரகதவல்லியார் அன்றே அந்த முடிவைப் படியெடுத்துப் பதின்மூன்றாம் கட்டுக்குப் பின் கோத்தார். இப்போது அக்கதைக்கு முடிவு இரண்டு.

ஆகவே தங்கள் தூதர் சிறையில் இல்லை. கதவு திறந்தே கிடக்கிறது. யாம்தான் நாள்தோறும் ஊருக்குப் புறப்படுங்கள் என்று சொல்கிறோம். அவை அடுத்த கதையைத் தொடங்கிவிட்டதென்றும், அதில் அரக்கனின் குரலைத் தமக்கு ஒதுக்கியிருக்கிறார்கள் என்றும் சொல்லி அவர்தான் நகர மறுக்கிறார்.

இனி ஆணை.

இவ்வோலை கொண்டுவந்தவனிடம், பொரி வேண்டுகோள்வரை படித்து நிறுத்தி, வேந்தர் அதை உண்டதைக் கண்ணால் கண்டபின்னரே மீதி ஓலையை விரிக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம். தாங்கள் இவ்விடம்வரை கேட்டிருக்கிறீர்கள், எனவே உண்டிருக்கிறீர்கள். பைக்குள் இருந்தது ஏட்டுச்சாலை வாசற்கூடைப் பொரி. அதை அனுப்பும் யோசனை யாருடையது என்பதைச் சொல்வதற்கில்லை; அவளுக்கு வயது பன்னிரண்டு, தந்தை படைத்தலைவர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். இந்நொடி முதல் அடலேறு வேந்தர் கதையவையைச் சேர்ந்தவர்; அதைக் கலைக்கச் சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. அந்தப் பொரி தங்கள் அளத்து உப்பில் வறுத்தது. எங்கள் உப்பறையில் எஞ்சியிருந்த கடைசி உப்பு அது. அடுத்த கூடைக்கு உப்பு வேண்டும், வண்டிகள் வரவேண்டும்.

நெடுமொழியார் கட்டிய முடிவைத் தாங்கள் அறிய விரும்பினால் நேரில் வந்து கேட்டருளலாம். ஓலையில் எழுதி அனுப்புவது முறையன்று.

செழுங்கோவேளின் கயல் முத்திரையும், அதன் கீழ் மரகதவல்லியாரின் கைக்குறியும், அதன் கீழ் பொரித்துகள் ஒட்டிய சிறு கட்டைவிரல் குறிகள் பலவும் இட்டு இவ்வோலை நிறைந்தது. தங்கள் குடை நிழல் நீள்க.

ஓலையைச் சுருட்டும்போது நாச்சி வந்து ஒன்றைச் சேர்க்கச் சொன்னாள். வேந்தரும் இக்கதையை இளமையில் படித்திருக்கக்கூடுமாம். அரண்மனையில் யாரிடமும் வாய் தவறிவிட வேண்டாமாம். பலகை இப்போது காலியாகத்தான் இருக்கிறதாம்.