நாரைகளின் மேசையில் என் தம்பி

கான்ஸ்டாட், ஸ்டுட்கார்ட்
17 பெப்ரவரி 2025

தம்பி றெக்ஸ்,

நான் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், வெட்கம் இல்லாதவனுக்குத் தடிமன்கூட வராது. வாட்ஸ்அப்பில் நீ என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று நேற்றுத்தான் லக்ஸன் காட்டித் தந்தான். ஒரு கிழமையாக நான் தொண்டை கிழிய அனுப்பிய குரல் செய்தி ஒன்றும் உனக்கு வந்து சேரவில்லையாம். பரவாயில்லை. தபால்காரரைத் தடுக்க உன்னால் ஏலாது. இரு, ஆறுதலாக வாசி.

நெக்கர் நாரைகள் பேஸ்போல் கழகத்தின் நிர்வாகக் குழு, அதாவது நீயும் இன்னும் நாலு பேரும், இந்த வருடத்து முதலாம் அணியை அறிவித்திருக்கிறீர்கள். வாசித்தபோது எனக்குத் தேத்தண்ணி புரைக்கேறிவிட்டது. போன வருடம் எங்களைக் கீழ்ப் பிரிவுக்கு விழாமல் காப்பாற்றிய பயிற்சியாளர் கிளவுஸை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. அந்த இடத்துக்கு மடிக்கணினியோடு ஒரு பொடியன். பந்து எந்தப் பக்கம் சுழல்கிறது என்று திரையில் பார்த்துச் சொல்வானாம். எனக்குக் கண் இருக்கிறது, அதைச் சார்ஜில் போடத் தேவையில்லை. பின்னுக்குக் குந்தியிருந்து பந்து பிடிக்கிற மத்தியாஸைச் சும்மா தூக்கிப் பக்கத்து ஊருக்குக் கொடுத்தீர்கள். சட்டையில் புதிதாக ஒரு படம் வேறு. நாரையாம்! சீக்கு வந்த கோழி என்றுதான் நான் நினைத்தேன்.

அதற்குமேல் உங்கள் அமெரிக்க இறக்குமதி, அந்த டைலர். வீடு, கார் எல்லாம் கொடுத்து இறக்கியிருக்கிறீர்கள். சனிக்கிழமை பயிற்சியில் அவன் எறிந்ததைப் பார்த்தேன். நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்துச் சமையலறையில் என்னோடு நிற்கிற சியாமளா உருளைக்கிழங்கை வாளிக்குள் எறிவாள். அவள் எறிவது இதைவிட நேராகப் போகும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். லக்ஸனை ஏன் இரண்டாம் அணிக்குத் தள்ளினீர்கள்? நான் அவனைப் பெற்றவள் என்பதை ஒரு பக்கத்தில் வை. போன வருடம் அவனைவிட நன்றாகப் பந்து வீசிய ஒருவனை இந்த மாநிலத்தில் காட்டு பார்ப்போம். அமெரிக்கப் படையினரின் உணவுச்சாலையில் நான் கோப்பை கழுவிய காலத்திலிருந்து இந்த விளையாட்டைப் பார்க்கிறேன். நீ ஜெர்மனிக்கு வந்து இறங்கிய கிழமையே உன்னையும் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "இதென்னக்கா, கிரிக்கெட்டுக்கு விசர் பிடிச்ச மாதிரிக் கிடக்கு" என்று சொன்னவன் நீ. இன்றைக்கு நீ விளையாட்டுப் பொறுப்பாளர்.

ஏன் என்று எனக்குப் பதில் வேண்டும். உன் மகள் ஜெசிக்கா கோவிலில் முதல் நன்மை வாங்குகிற நாளுக்கு உடுப்புத் தைக்க வேண்டும், அளவையும் அனுப்பு.

உன் அக்கா,
மக்டலீன்

~

லுட்விக்ஸ்பூர்க்
25 பெப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. மரியமலரும் ஜெசிக்காவும் சுகம். உடுப்பின் அளவை மரியமலர் எழுதி இதற்குள் வைத்திருக்கிறாள்.

அணித் தெரிவு நிர்வாகக் குழுவின் கூட்டு முடிவு. கழகத்தின் நீண்டகால வளர்ச்சியைக் கருத்தில் கொண்டு, பல விடயங்களையும் ஆராய்ந்து எடுக்கப்பட்டது. இரண்டாம் அணியில் லக்ஸனுக்கு நல்ல வாய்ப்புகள் உண்டு. அவனுக்கு இன்னும் வயது இருக்கிறது. குழுவுக்குள் பேசியதை வெளியில் சொல்ல எனக்கு அனுமதியில்லை.

குரல் செய்தி விடயத்தில் கோபிக்க வேண்டாம். முதலில் வந்த ஒன்றை வேலை நேரத்தில் அழுத்தியதும் அலுவலகம் முழுக்க உங்கள் குரல் கேட்டுவிட்டது, அதன்பிறகுதான் தடுத்தேன்.

அன்புடன்,
றெக்ஸ்

~

கான்ஸ்டாட்
4 மார்ச் 2025

விளையாட்டுப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

"பல விடயங்களையும் ஆராய்ந்து." அடேயப்பா! வெளிநாட்டவர் அலுவலகத்தில் என்னுடைய முதல் அன்ட்ராக்கை, அதுதான் விண்ணப்பத்தை, நிராகரித்தபோதுகூட இதைவிட மனிதத் தமிழில் சொன்னார்கள், அதுவும் மொழிபெயர்ப்பாளரை வைத்து. என் கையால் சோறு தின்று வளர்ந்தவன் எனக்கு எழுதுகிற கடிதமா இது?

லக்ஸனுக்கு இருபத்துமூன்று வயது. இந்த வருடம் முதலாம் அணியில் வீசினால்தான் மாநில அணிக்கு ஆள் எடுப்பவர்கள் அவனைப் பார்ப்பார்கள். இரண்டாம் அணியின் ஆட்டத்தைப் பார்க்க யார் வருகிறார்கள்? நானும், நாயை நடத்திக்கொண்டு போகிற ஒரு கிழவரும். நாய் பாதியில் போய்விடும்.

கூட்டு முடிவு என்றால் யார் யார் கூடி எடுத்தது? அந்த மேசையில் ஒரு தமிழன் இருக்கிறான், பிள்ளைக்கு அநியாயம் நடக்க விடமாட்டான் என்று நான் இத்தனை நாளும் நிம்மதியாக இருந்தேன். நீ அங்கே வாய்க்குள் கொழுக்கட்டையோடு இருந்திருக்கிறாய். நாலு வெள்ளைக்காரருக்குப் பயந்து சொந்த மருமகனுக்காக ஒரு வார்த்தை பேசாதவனை நான் என்னவென்று கூப்பிடுவது?

இதற்கு ஒழுங்கான பதில் வராவிட்டால், உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த வெள்ளை ஞாயிறன்று என்னை எதிர்பார்க்காதே. ஞானத்தாய் இல்லாமல் உன் மகளுக்கு முதல் நன்மை நடக்கட்டும். வந்த சனம் "மாமி எங்கை?" என்று கேட்கும்போது, பல விடயங்களையும் ஆராய்ந்து பதில் சொல்.

மக்டலீன்

~

கான்ஸ்டாட்
24 மார்ச் 2025

றெக்ஸ்,

நீ பதில் எழுதவில்லை. இனித் தேவையும் இல்லை, எனக்கு வேறு இடத்தில் பதில் கிடைத்துவிட்டது.

சனிக்கிழமை கழகத்தின் துப்புரவு நாள். நான் வழமைபோல ரோல்ஸ் சுட்டுக்கொண்டு போனேன். உங்கள் தலைவி ஃப்ராவ் கெர்லாக் ஒரு ரோல்ஸை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து இருந்தார். லக்ஸனின் விஷயம் தனக்கும் கவலைதான் என்றார். பிறகு சொன்னார்: "நாங்கள் நாலு பேரும் லக்ஸனுக்குத்தான் கை உயர்த்தினோம். உங்கள் தம்பி ஒருவர்தான் விடவில்லை. குடும்பத்துக்குள் ஏதோ காரணம் இருக்கும் என்று நாங்களும் விட்டுக்கொடுத்தோம்."

நான் அந்த மனிசரை எவ்வளவு திட்டினேன்! நிறத்தைப் பார்க்கிறார்கள், எங்கள் பிள்ளைகளை மேலே வர விடமாட்டார்கள் என்று சியாமளாவிடம் ஒப்பாரி வைத்தேன். கடைசியில் கத்தி இருந்தது உன் கையில். அவர்கள் என் பிள்ளையைக் கேட்டார்கள், என் கூடப் பிறந்தவன் கொடுக்கமாட்டேன் என்றான்.

தூ!

லக்ஸனிடம் சொன்னேன். அவன் உன்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. "மாமா ஏனம்மா அப்பிடிச் செய்தவர்? நான் அவருக்கு என்ன பிழை விட்டனான்?" என்று மட்டும் கேட்டான். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. கார்ல்ஸ்ரூஹே அணிக்காரர் அவனை முன்னமே கேட்டிருந்தார்கள், மாமாவின் கழகம் என்று மறுத்து வைத்திருந்தான். நேற்றுப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான்.

ம.

~

லுட்விக்ஸ்பூர்க்
1 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

ஃப்ராவ் கெர்லாக் சொன்னது உண்மை. நான்தான் மறுத்தேன்.

ஏன் என்று கேளுங்கோ. நான் குழுவுக்குள் போன முதல் கூட்டத்தில், குழுவில் இருக்கிற ஹெர் பவுமன் சிரித்துக்கொண்டு கேட்டார்: "றெக்ஸ், இனி அணி முழுக்க உன் குடும்பம்தானோ? உங்கள் ஆட்கள் ஒருவர் வந்தால் பின்னால் பத்துப் பேர் வருவீர்களே." பகிடிதான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபின் எனக்கு நித்திரை வரவில்லை. அந்தக் கழகத்தில் எங்கள் ஆள் ஒருவன் மேசைக்கு வந்தது இதுதான் முதல் தடவை. நான் லக்ஸனுக்குக் கை உயர்த்தினால் அவன் மாமனின் தயவில் வந்தவன் என்பார்கள். அவன் ஒரு பந்தைக் கோட்டை விட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். அந்தப் பெயர் அவனுக்கு வேண்டாம் என்று நினைத்தேன். எனக்கும் வேண்டாம் என்று நினைத்தேன்.

நீங்கள் வேலிக்கு வெளியில் நின்று கத்தலாம். உள்ளுக்கு இருப்பவனின் நிலை வேறு, அக்கா.

ஜெசிக்கா ஒவ்வொரு நாளும் "மாமி வருவாவோ?" என்று கேட்கிறாள். என்னோடு கோபிக்கலாம், அவள் சின்னப்பிள்ளை.

உங்கள் தம்பி,
றெக்ஸ்

~

கான்ஸ்டாட்
14 ஏப்ரல் 2025

றெக்ஸ்,

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் கோபம் வந்தது. இரண்டாம் தரம் அருவருப்பு வந்தது.

அந்த ஹெர் பவுமன் கைதூக்கினாரா இல்லையா? தூக்கினார், லக்ஸனுக்குத்தான். பகிடி விட்டவன் வாசலைத் தாண்டும்போதே அதை மறந்துவிட்டான். நீ அதைப் பொறுக்கி எடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சட்டமாக்கி, என் பிள்ளையின் தலையில் போட்டாய். வெள்ளைக்காரன் எங்களைத் தள்ளினால் நாலு பேரைக் கூட்டிச் சண்டை பிடிக்கலாம். தள்ளிவிடுவானோ என்ற பயத்தில் நீயே முந்திக்கொண்டு தள்ளினால் நான் யாரோடு சண்டை பிடிப்பேன்?

நேர்மையாம்! தகுதியில்லாத மருமகனை உள்ளே விடுவது அநியாயம் என்றால், தகுதி உள்ளவனை மருமகன் என்பதற்காக வெளியே விடுவது என்ன? இரண்டும் ஒரே ஊத்தைதான். உனக்கு நல்லவன் என்ற பெயர் வேண்டியிருந்தது. அதை என் பிள்ளையின் செலவில் வாங்கினாய்.

வெள்ளை ஞாயிறன்று பத்து மணிக்குக் கோவிலுக்கு வருவேன், உனக்காக இல்லை. ஜெசிக்காவின் மெழுகுதிரியைப் பிடிப்பேன், அவளைக் கொஞ்சுவேன். விருந்து மண்டபத்துக்கு வரமாட்டேன். உன் வீட்டுச் சோற்றில் நான் இனிக் கை நனைக்க மாட்டேன். ஒரு மணிக்கு எனக்கு மைதானத்தில் வேலை இருக்கிறது. அன்றைக்கு நாரைகளுக்கும் கார்ல்ஸ்ரூஹேக்கும் ஆட்டம், வீசப்போவது லக்ஸன். இந்த வயதில் முதல்தரம் எதிரணிப் பக்கத்து வாங்கில் இருக்கப்போகிறேன். என்னை அங்கே இருத்தியது நீ.

மக்டலீன்

~

லுட்விக்ஸ்பூர்க்
28 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

நேற்றுக் கோவிலில் நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பூசையில் ஒருவருக்கொருவர் கை கொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில் எனக்குப் பின்னால் நின்றவருக்குக் கை கொடுத்தீர்கள். அது எனக்கு வேண்டியதுதான்.

மண்டபத்தில் சனம் வந்து நிறைந்திருந்தது. சோறு எடுத்து வைக்கிற நேரத்தில் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. "ஐஸ் வாங்கிக்கொண்டு வாறன்" என்று மரியமலரிடம் சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். ஜெசிக்காவும் வெள்ளை உடுப்போடு ஓடிவந்து ஏறிவிட்டாள். மைதானத்தில் நான் நிர்வாகத்தாரின் பக்கம் போகவில்லை. பின்பக்க வேலியோடு நின்று பார்த்தேன்.

லக்ஸன் எப்படி வீசினான் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் ஆட்கள் மட்டையைப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு விசிறினார்கள். டைலரின் பந்துகளைக் கார்ல்ஸ்ரூஹேக்காரர் ஆற்றங்கரை வரைக்கும் அடித்தார்கள். எனக்குப் பக்கத்தில் பியர்ப் போத்தலோடு நின்ற ஒருவர், "யாரப்பா அந்தப் பொடியன்? இவனை வைத்திருக்கத் தெரியாத மடையர் யார்?" என்று கேட்டார். "அவன் என்ர மருமகன். மடையன் நான்தான்" என்று ஜெர்மனில் சொன்னேன். அந்த மைதானத்தில் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜெசிக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் தோடம்பழத்தை எடுத்துச் சுவரில் எறிகிறாள், லக்ஸன் அண்ணா மாதிரியாம். மரியமலர் ஏசிக்கொண்டிருக்கிறாள்.

அக்கா, என்னை மன்னிப்பீர்களா?

றெக்ஸ்

~

கான்ஸ்டாட்
5 மே 2025

தம்பி றெக்ஸ்,

வேலிக்குப் பின்னால் நின்று ஒரு குடிகாரனிடம் சொன்னாயாம், மருமகன் என்று. அதற்கு உனக்கு மாலை போட வேண்டுமா? அவன் பிறந்த நாளிலிருந்து உனக்கு மருமகன்தான். சொல்ல வேண்டிய இடம் மேசை, சொல்ல வேண்டிய நாள் கை உயர்த்திய நாள். ஆட்டம் முடிந்தபின் அழுகிறவனை எனக்குத் தெரியும், உங்கள் நிர்வாகத்தில் அஞ்சு பேரும் அந்தச் சாதிதான். டைலரை இன்னும் வைத்திருக்கிறீர்களாம். அவனுக்கு விமானத்தில் சன்னலோரச் சீட்டு எடுத்துக் கொடுங்கோ, ஊர் பார்த்துக்கொண்டு போகட்டும்.

மன்னிப்பை என்னிடம் கேட்காதே. பந்து வீசியவன் நான் இல்லை.

ஜெசிக்காவைச் சனிக்கிழமை கொண்டுவந்து விடு. லக்ஸன் பழக்குகிறேன் என்கிறான். உன் மகள் என்று தெரிந்தும்தான் சொல்கிறான். அவன் அப்படிப்பட்ட பிள்ளை. அவள் எறிகிற விதத்தை மரியமலர் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருக்கிறாள், பார்த்தேன். அவளுக்கு எறிகிற கை இருக்கிறது. பத்து வருடத்தில் அவளுடைய பெயரும் அந்த மேசைக்கு வரும். நீ அப்போதும் அங்கே இருப்பாய், உன்னை எழுப்ப யாராலும் ஏலாது. யாராவது ஒரு பவுமன் ஒரு பகிடி விடுவான். எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு கை உயர்த்தச் சொல்வார்கள்.

அன்றைக்கு உன் கை என்ன செய்யும், தம்பி?

எழுத வேண்டாம். சனிக்கிழமை வந்து, லக்ஸனின் முகத்தைப் பார்த்துச் சொல்.

அக்கா