வாய்க்காலில் கடைசி ஐந்தடி

பொன்மணி,

வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்திரப்பதிவு இல்லை. உன் அப்பா தோட்டம் விற்பனைக்கு இல்லை என்று ராஜபாளையத்துக்காரரிடம் சொல்லிவிட்டேன். நிலம் உன்னுடையது, உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பு. திட்டு. ஆனால் படித்துவிட்டுத் திட்டு.

நேற்று மகாராஜபுரத்தில் கண்மாய் வாய்க்காலைத் தூர்வாரினார்கள். தோட்டத்துக்கு ஓர் ஆள், ஆளுக்கு முப்பதடி. நமக்கென்ன என்று வரப்பில் நின்று செல்போனில் சரிவு அளந்துகொண்டிருந்தேன். பக்கத்துத் தோட்டத்து வெள்ளைத்தாய் அக்கா விடவில்லை.

"மாப்ள, தண்ணிக்குப் பள்ளம் தெரியும். நீங்க மம்பட்டியப் பிடிங்க."

"விக்கப் போற இடத்துக்கு நான் எதுக்குக்கா வெட்டணும்?"

"உங்க மாமனார் போன பொறவு மூணு வருசமா அவிய பங்கையும் நாங்கதான் வெட்டுதோம். பொன்மணி வருவால்லா, அதுக்குத்தான்."

சிவில் இன்ஜினியரிங் படித்த நான் செல்போனைப் பையில் போட்டுவிட்டு மம்பட்டியை வாங்கினேன். வெட்டினேன். கோணல்தான், எல்லோரும் சிரித்தார்கள். பொறவு சாப்பாட்டுக்கு என்னை நடுவில் உட்காரவைத்தார்கள். சென்னையில் ஆறு வருடமாக எதிர்வீட்டுக்காரர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

மாதம் பத்து நாள் இங்கிருந்தே வேலை பார்ப்பேன். ஆபீசில் சொல்லியாகிவிட்டது. நீ ஏன் மூன்று வருடமாக இந்தப் பக்கமே வரவில்லை என்று நான் கேட்கப்போவதில்லை.

பத்திரப்பதிவுக்கு வர நீ எடுத்த டிக்கெட்டை ரத்து செய்யாதே. உன் அப்பா பங்கில் கடைசி ஐந்தடியை வெட்டாமல் விட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கண்மாய் திறக்கிறார்கள். அதற்குள் நீ வந்து வெட்டாவிட்டால் வெள்ளைத்தாய் அக்கா தோட்டத்துக்குத் தண்ணீர் போகாது. அவரிடம் ஏச்சு வாங்க என்னால் முடியாது.

உள்ளங்கைக் கொப்புளங்களுடன்,
உன் வீட்டுக்காரன்