வேர்க்கும் படம்

விடிகாலை மழைக்குக் கூடத்துச் சுவரில் நான் வரைந்த அந்த உப்பளப் படம் மறுபடியும் வேர்த்திருக்கிறது. துடைக்கத் துண்டை எடுத்தேன். "தொடைக்காதீங்க, தானா காயும்" என்று நீ சொல்வது காதில் கேட்டது. அப்படியே நின்றுவிட்டேன். நீ போனதிலிருந்து நான் பிரஷ்ஷைத் தொடவில்லை, தெரியுமா?

எழுபதுகளில், திண்டிவனம் கோர்ட்டுக்குப் போவதை நிறுத்திய வருஷம் வரைந்தது அது. வக்கீல் தொழில் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் வாதாடும்போதே, எதிர்க்கட்சி வக்கீலின் காதில் ஜன்னல் வெயில் சிவப்பாக விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவேன். என்னை நம்பி யாராவது நிலத்தை ஒப்படைக்கலாமா? விட்டுவிட்டேன். ஊரே சிரித்தது. நீ மட்டும், "வரையத் தெரியுமா ஒங்களுக்கு?" என்று கேட்டாய். தெரியாது என்றேன். "சரி, கத்துக்குங்க" என்று அரிசி களையப் போய்விட்டாய்.

சொல்லிக்கொடுக்க ஆளில்லை. மரக்காணம் உப்பள வரப்பில் உட்கார்ந்து, கொண்டுபோன தண்ணீரைக் குடித்துத் தீர்த்துவிட்டு, பாத்தியின் உப்புத் தண்ணீரில் பிரஷ்ஷை நனைத்து வரைந்தேன். காய்ந்ததும் படம் மினுமினுத்தது. கை வந்துவிட்டது என்று பூரித்துப்போய்ச் சுவரில் மாட்டினேன். ஐப்பசி மழை பிடித்ததும் அந்த உப்பு ஈரத்தை இழுத்தது. வானத்து நீலம் வரப்பின் மேல் வழிந்தது.

அன்றைக்குப் பார்த்தா உன் அப்பா வரவேண்டும்?

"சீனியர் திரும்பக் கூப்புடறாரு மாப்ள. நாளைக்கே கோட்ட மாட்டிகினு போங்க" என்றவர், சுவரை நிமிர்ந்து பார்த்தார். "படமே அழுவுது பாருங்க."

எனக்குத் தைரியமெல்லாம் விட்டுப்போயிற்று. சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் நீ அடுக்களையிலிருந்து வந்தாய்.

"அழுவலப்பா, வேர்க்குது. வேல செஞ்சா வேர்க்கத்தான் செய்யும்."

கல்யாணத்துக்கு அவரே தைத்துக்கொடுத்த கறுப்புக் கோட்டைக் கொடியிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தாய். "மழ வலுக்குது, இத போத்திகினு போங்க." தலையில் கோட்டோடு அவர் தெருவில் போனதைப் பார்த்து நாம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

மழைக்காலம் முடிந்து நான் உப்பளத்துக்குக் கிளம்பிய காலையில் இரண்டு கூஜாவில் நல்ல தண்ணீர் பிடித்து வைத்திருந்தாய். "ஒண்ணு குடிக்க, ஒண்ணு வரைய. மாத்திடாதீங்க." கடைசிவரை இரண்டையும் நீதான் நிரப்பினாய்.

"வரையறத விடுங்கப்பா, வயசாச்சு" என்கிறாள் உன் மகள். துண்டை மடித்து வைத்துவிட்டேன். கூஜாக்களில் தூசி படிந்திருந்தது. கழுவி நானே நிரப்பினேன். மழை விட்டிருக்கிறது. படம் வேர்க்கட்டும். நான் வேலைக்குப் போகிறேன்.